முஸ்பிறா மிக்ஸ்

கல்முனை பஸ் நிலையத்தில் தன் பெயரைத் தன் குரலிலேயே முதன்முதலாகக் கேட்டபோது முஸ்பிறாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அக்கரைப்பற்றுக்குப் புறப்பட நின்ற பஸ்ஸில், பாட்டு தொடங்குவதற்கு முன் "முஸ்பிறா" என்று ஒரு பெண் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் பாட்டின் தாள அடி டமாரென்று விழுந்தது. கலியாணமான புதிதில் கணவன் றிஸ்கான் போனை அவள் வாயருகே நீட்டி, பெயரைச் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்ட சிரிப்பு அது. ஊரில் டீஜே என்று திரிகிறவர்கள் எல்லாரும் தங்கள் மிக்ஸின் தலையில் தங்கள் பெயரைத்தான் போடுவார்கள். இவன் பெண்டாட்டியின் பெயரைப் போட்டான். பழைய சினிமாப் பாட்டொன்றை எடுத்து, வேகத்தைக் கூட்டி, அடியை மாற்றி அவன் செய்த அந்த மிக்ஸ் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஆட்டோ ஆட்டோவாக ஓடியது. பொம்பிளைக் குரலைத் தெருவில் விட்டுவிட்டானே என்று பக்கத்து வீட்டு சபியா உம்மா முணுமுணுத்தாள். முஸ்பிறா உள்ளூரப் பூரித்துத்தான் போனாள், பொய் சொல்வானேன்.

அந்தப் பூரிப்பு அந்த நோன்பு மாதம் முடியும்வரைகூட நிலைக்கவில்லை. ஒருநாள் காலையில் அவள் போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு ஈமெயில் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, பாட்டின் உரிமைக்காரக் கம்பனியின் சட்டத்தரணிகள் அனுப்பியது. அதில் அவளுடைய முழுப்பெயர் இருந்தது. சாய்ந்தமருதில் அவள் வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயர் இருந்தது. கீழே இரண்டு தொலைபேசி எண்கள், ஒன்று அவளுடையது, மற்றது அவளைப் பெற்ற வாப்பாவுடையது. கொஞ்ச நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பும் வந்தது. முஸ்பிறா போனை அணைத்து அரிசி வாளிக்குள் போட்டுவிட்டு றிஸ்கானைப் பார்த்தாள். அவன் ஒன்றுமில்லாத விசயம் என்றான். அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை.

கல்முனையில் அவர்கள் போய்ப் பார்த்த சட்டத்தரணி நேசராசா அந்த ஈமெயிலை இரண்டுதரம் வாசித்தார். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினார். பாட்டை இணையத் தளங்களில் ஏற்றிவிடுகிற இடைக்கம்பனி ஒன்று இருக்கிறது. இந்தப் பாட்டு முழுக்க உன்னுடையதா, வில்லங்கம் வந்தால் நீ பொறுப்பா என்று அது முதலிலேயே கேட்கும். இரண்டுக்கும் ஓம் என்று பதில் போயிருக்கிறது. பதில் சொன்னவர் முஸ்பிறா. ஆளுக்கு அத்தாட்சி அவளுடைய அடையாள அட்டை, விலாசத்துக்கு அத்தாட்சி வீட்டுக் கறண்ட் பில், அவள் எடுக்காவிட்டால் அழைக்க வாப்பாவின் எண்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி றிஸ்கான் ஒரு படம் எடுத்தான். சால்வையைச் சரிசெய்துகொண்டு அவளும் நன்றாகச் சிரித்தாள். கறண்ட் பில்லை எதற்கென்று கேட்கவும் இல்லை. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வருவான். பில்லும் வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பெயரில் இருக்காமல் வேறு யார் பெயரில் இருக்கும்? சுனாமி பழைய வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, அவள் வாப்பா கச்சிமுகம்மது ஊரார் வள்ளங்களில் கூலிக்குக் கடலுக்குப் போய்ப் போய் எழுப்பிய வீடு அது.

"தம்பி, செய்தது நீங்க. பேர் மட்டும் ஏன் தங்கச்சிட?" என்று கேட்டார் நேசராசா.

றிஸ்கான் மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தான். அது நின்றால்தான் பதில் சொல்வான் போலிருந்தது.

"என்ட பேர அந்த ஏத்துற கம்பனிக்காரனுகள் முன்னமே நிப்பாட்டிட்டானுகள் சேர். ரெண்டு தரம்."

முஸ்பிறாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏற்கெனவே சுட்டுக்கொண்டவன், அடுத்த தரம் அவளுடைய கையைப் பிடித்து அடுப்பில் வைத்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அது தெரிந்துதான் அவன் கேட்கவில்லை.

"ஊட்டப் புடிப்பாங்களா சேர்?" என்று வீட்டை நினைத்துக் கேட்டாள் முஸ்பிறா.

"இப்ப ஒண்டும் சொல்லேலா. அங்கயிருந்து வந்து இஞ்ச வழக்குப் போடுறது லேசுமில்ல. ஆனா அவங்கட கணக்கில களவெடுத்த ஆள் நீங்கதான் தங்கச்சி." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாட்டு எங்கெங்க கிடக்கோ அங்கெல்லாம் எடுத்துட்டன் எண்டு நீங்க கையெழுத்து வைக்கணுமாம். எடுக்க ஏலுமா?"

படியிறங்கும் முன்பே றிஸ்கான் போனைத் தட்டித் தளங்களிலிருந்து பாட்டை எடுத்துவிட்டான். எடுத்தாச்சி புள்ள, என்றான். சந்தைக்கு முன்னால் ஒரு ஆட்டோ "முஸ்பிறா" என்று சிரித்துக்கொண்டு போனது. கல்முனைக்குடியில் ஒரு ஐஸ்கிறீம் வண்டி அதே சிரிப்பைச் சிரித்தது. யார் யாரோ இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, கைமாறிக் கைமாறிப் போனதை எந்தத் தளத்தில் போய் எடுப்பது? மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்தவள் சால்வையை முகத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தன் சிரிப்பே தன்னைத் துரத்திக்கொண்டு வருவதுபோல அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் வாப்பா ஏணியில் நின்று பெருநாளைக்குப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தார். பாதிச் சுவர் பச்சையாகியிருந்தது. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சொல்லத்தான் வேண்டும், எந்த வாயால் சொல்வது என்று அவள் வாசல் படலையைப் பிடித்தபடி நின்றாள். அப்போது ஜன்னல் விளிம்பில் இருந்த வாப்பாவின் போன், "முஸ்பிறா" என்று சிரித்தது. தொடர்ந்து டமாரென்று அடி விழுந்தது.

"போன்கடையில குடுத்து றிங்டோனாப் போடுவிச்சன்," என்றார் வாப்பா, பெருமை தாங்காமல். "கையெல்லாம் பெயின்ற். ஆரெண்டு பாரு மகள்."

அவள் பார்த்தாள். நீளமான எண். இந்த நாட்டு எண் இல்லை. றிஸ்கான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒழுங்கையில் நின்றான். போன் அடித்து ஓய்ந்தது. மூச்சுவிடுவதற்குள் மறுபடியும் அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தது. வாப்பா அந்த அடிக்குத் தலையை ஆட்டிக்கொண்டு, கதவு நிலைக்கு மேலே பிரஷ்ஷை எட்டிப் பிடித்துப் பூசினார்.