டிரைவருக்கு ஒரு கம்ப்யூட்டர்

கல்யாணத்துக்கு முன்பிருந்தே டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, தனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். கேம் விளையாடுவதற்கு.

கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்.

"என்ன கேம்?"

"பஸ் ஓட்டற கேம்."

லிஃப்ட்காரர் பேப்பரை மடித்து வைத்தார். நாள் முழுக்க லிஃப்ட்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து லிஃப்ட் விளையாட்டு விளையாடுவதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரி," என்றார். "ஆனா ரெடிமேடா வாங்க வேண்டாம். நானே அசெம்பிள் பண்ணித் தர்றேன்."

அவள் பயந்தது இதற்குத்தான். அந்த வீட்டில் எதுவும் கடையிலிருந்து முழுசாக வந்ததில்லை. செருப்பு ஸ்டாண்ட், புத்தக அலமாரி, குளியலறைக் கண்ணாடியின் சட்டம் எல்லாம் அவர் கைவேலை. கொல்லையில் ஒரு நாய்க்கூண்டு இருந்தது. நாய் வாங்குவது பற்றி யாரும் பேசியதே இல்லை, பலகை மிச்சமிருந்தது, அவ்வளவுதான். ஒன்று சொல்ல வேண்டும், அவர் செய்தது எதுவும் உடைந்ததில்லை. எதுவும் சொன்ன நாளில் முடிந்ததும் இல்லை.

அவளுக்கு இருந்த அவசரம் வேறு. சில மாதங்களுக்கு முன் ஒரு சைக்கிள்காரர் மழை ஈரத்தில் சறுக்கி, அவளுடைய பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தார். அவள் பிரேக்கை அழுத்தினாள். பஸ் நின்றது. சைக்கிள்காரர் எழுந்து, பேண்டைத் தட்டிவிட்டு, அவளைப் பார்த்து மன்னிப்பு கேட்பதுபோல் கையைத் தூக்கினார். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர்தான் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விசாரித்தார்கள். உன் மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். மறுநாள் அவள் வண்டியை எடுத்தபோது, முன்னால் எதுவுமே இல்லாத ரோட்டில் அவள் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. ஒரு தடவை இல்லை. டெப்போ திரும்புவதற்குள் பயணிகள் பாதிப் பேர் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளே போய் வேறு வேலை கேட்டாள். தொலைந்த பொருள்கள் அறையில் போட்டார்கள். பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிறதை எல்லாம் அங்கே அடுக்கி வைக்க வேண்டும். குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு தடவை கீழ்வரிசைப் பல்செட். அதைத் தேடி வந்தவர் வாயைத் திறக்காமலே அடையாளம் சொன்னார்.

வீட்டில், இடுப்பு வலி, கொஞ்ச நாள் உட்கார்ந்த வேலை என்று சொல்லியிருந்தாள். பஸ் ஓட்டுவதும் உட்கார்ந்த வேலைதானே என்று லிஃப்ட்காரர் கேட்கவில்லை. அவள் வேலைக்கு நடந்தே போய் நடந்தே வந்ததைப் பற்றியும் அவர் வாய் திறக்கவில்லை.

கம்ப்யூட்டர் விஷயம் காதுக்கு எட்டியதும் நாத்தனார் வந்துவிட்டார். லிஃப்ட்காரருக்கு மூத்தவர், மருந்துக்கடை நடத்தி ஓய்வெடுத்துக்கொண்டவர். ஓய்வில் அவர் செய்துகொண்டிருந்தது துப்பாக்கிச் சண்டை. கம்ப்யூட்டரில்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மருந்துச் சீட்டு படிக்கிற அதே நிதானத்தோடு, ஊர் பேர் தெரியாத ஆட்களைச் சுட்டுத் தள்ளுவார். அந்த உலகத்தில் அவருக்கு 'டாக்டர் மாமி' என்று பெயர். அங்கே எல்லோருக்கும் அவர்மேல் கொஞ்சம் பயமும் இருந்ததாகச் சொல்வார்கள்.

"ரெடிமேட் வாங்குடா," என்றார் தம்பியிடம். "பிளக்கை மாட்டு, சுவிட்ச போடு, சுடு. எனக்குச் சுடணும். ஸ்க்ரூ திருகணும்னு இல்ல."

"உள்ள என்ன போட்டிருக்கான்னு தெரியாம எப்படிக்கா வாங்கறது?"

"உன் வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா சாப்பிடற?"

"நாமளே மாட்டினா, நாளைக்கு ஒண்ணு போச்சுன்னா எது போச்சுன்னு தெரியும்."

"ரெடிமேட்ல ஒண்ணு போச்சுன்னா அது கடைக்காரன் தலைவலி. எனக்குத் தெரியவே வேண்டாம்."

அவள் நடுவில் புகுந்தாள். "எது சீக்கிரம் கைக்கு வரும்?"

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஊதா, பச்சை, நீலம் என்று விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. விற்பனைக்காரர் ஓடி வந்தார்.

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

"ரொம்ப நல்லது," என்றார் அவர், கண்ணிமைக்காமல்.

ஒரு கறுப்புப் பெட்டியை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. விளக்கு குறைவு, சத்தம் குறைவு. இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கண்ணாடி வழியாக உள்ளே அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். விற்பனைக்காரரும் ஏதாவது இருக்குமோ என்று கூடவே குனிந்து பார்த்தார்.

"ரேம் ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருக்கு," என்றார் லிஃப்ட்காரர். "பவர் சப்ளைல கம்பெனி பேரே இல்ல. பேர் போட்டுக்கக் கூச்சப்படற பொருள வீட்டுக்குள்ள விடக் கூடாது."

"அது நல்லாத்தான் சார் ஓடுது," என்றார் விற்பனைக்காரர்.

"லிஃப்ட்டும் அறுந்து விழற வரைக்கும் நல்லாத்தான் ஓடும்."

அதற்குமேல் அவள் பிடிவாதம் பிடித்தால், என்ன இவ்வளவு அவசரம் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அதனால் சரி, அசெம்பிளே பண்ணுங்க என்றாள். ஸ்டியரிங்கும் பெடலும் மட்டும் கடையில் முழுசாக வாங்கினார்கள். அதையும் செய்து பார்க்கலாமா என்று லிஃப்ட்காரர் ஒரு நிமிஷம் தயங்கியதை அவள் கவனித்தாள்.

பாகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சாப்பாட்டு மேசை மதர்போர்டுக்குப் போயிற்று. அவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். தினமும் வேலை விட்டு வந்ததும் லிஃப்ட்காரர் கை கழுவிக்கொண்டு மேசைக்கு உட்காருவார். "கொஞ்சம் டார்ச் பிடிம்மா," என்பார். அவள் பிடிப்பாள். ஒரு ஸ்க்ரூவை மாட்டுவார், தள்ளி நின்று பார்ப்பார், கழற்றி மறுபடி மாட்டுவார். நடுவில் அன்றைக்கு எந்த லிஃப்ட்டில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்வார். அவள் பல்செட் கதையைச் சொன்னாள். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. தன்னிடம் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லி நாளாகிவிட்டது என்பது அப்புறம்தான் உறைத்தது.

கடைசியாக கிராஃபிக்ஸ் கார்டு வந்தது. மாட்டினார். சுவிட்சைப் போட்டார். காற்றாடிகள் சுற்றின. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. திரை இருட்டாகவே இருந்தது.

"பார்க்கலாம்," என்றார் லிஃப்ட்காரர்.

ஒரு வாரம் பார்த்தார். வயரை மாற்றினார், திரையை மாற்றினார், எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து மாட்டினார். காற்றாடி மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் சுற்றியது. நாத்தனார் போனில் கேட்டார்: "என்னடா, சுடுதா?"

"இன்னும் இல்லக்கா."

"நான் சொன்னேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. டெப்போவில் மேலாளர் வேறு, திரும்ப ஓட்டுகிறாயா, இல்லை அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்கட்டுமா என்று நல்ல விதமாகவே கேட்டிருந்தார். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய், அந்தக் கறுப்புப் பெட்டியையே வாங்கிவிட்டாள். வீட்டுக்கு யாராவது கொண்டு வந்து தருவீர்களா என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றார்கள். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டாள்.

பெட்டி கனத்தது. ரோட்டைத் தாண்டுவதற்குள் கை விட்டுப்போயிற்று. எதிரே பஸ் நிறுத்தம். பஸ்ஸும் வந்து நின்றது. முன்கதவு திறந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது டெப்போவில் எல்லோரும் 'ஹார்ன்' என்று கூப்பிடும் டிரைவர்.

"என்னக்கா, ஏறு ஏறு. பின்னால வண்டி நிக்குது."

ஏறிவிட்டாள். யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் ஏறியிருக்க மாட்டாள். முன் சீட்டில், பெட்டியை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி அவள் முகவாய் வரைக்கும் இருந்தது. முன்னால் ரோடு பாதிதான் தெரிந்தது. அவள் கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. அவள் மிதித்ததற்கெல்லாம் பஸ் நிற்கவில்லை. பெரிய சந்திப்பில் ஒரு வேன் குறுக்கே புகுந்து, ஹார்ன் நிஜமாகவே பிரேக் போட்டபோது, எல்லோரும் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தார்கள். அவள் பெட்டியை விடவில்லை. அப்புறம் சிக்னல் விழுந்தது, பஸ் கிளம்பியது, ஹார்ன் அந்த வேன்காரனைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். பின்சீட்டில் யாரோ விட்ட இடத்திலிருந்து போன் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

வீட்டுக்குள் பெட்டியை இறக்கி வைத்தபோது, சாப்பாட்டு மேசையில் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் நின்றிருந்தார்.

"ரேம்," என்றார் திரும்பாமலே. "ஒரு ஓரம் சரியா உக்காரல. அழுத்தினேன், 'டக்'னு ஒரு சத்தம். அவ்ளோதான்." திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் இருந்த படத்தையும் பார்த்தார். "எப்படிக் கொண்டு வந்த?"

"பஸ்ல."

அவர் பெட்டியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். மடியில் பாரம் இல்லாதது என்னவோபோல் இருந்தது. பிறகு சொன்னாள். சைக்கிள், பெரியவரின் மணிக்கட்டு, வெறும் ரோட்டில் மிதித்த கால், இடுப்பு வலி என்று சொன்ன பொய் எல்லாம். விளையாட்டிலாவது ஓட்டிப் பார்த்தால் கால் திருந்துமோ என்று நினைத்ததையும் சொன்னாள்.

"தெரியும்," என்றார் லிஃப்ட்காரர். "உங்க டெப்போ லிஃப்ட்ட யார் பாக்கறா? நான்தான். அங்க எல்லாரும் பேசினாங்க."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீ சொல்லல."

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. "அப்ப அன்னிக்கே இத வாங்க விட்டிருக்கலாமே."

"வாங்கியிருந்தா அன்னிக்கே உள்ள போய்க் கதவ சாத்திக்கிட்டு ஓட்டிக்கிட்டிருப்ப. அசெம்பிள் பண்ணா, முடியற வரைக்கும் டார்ச் பிடிக்கவாவது நீ பக்கத்துல உக்காருவேன்னு நெனச்சேன். உக்காந்தா எப்பவாவது நீயா சொல்லுவேன்னு."

அவள் மேசையில் கிடந்த டார்ச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அந்த ரேம வேணும்னே சரியா மாட்டாம விட்டீங்களா?"

"இல்ல," என்றார் அவர், கொஞ்சம் அடிபட்ட குரலில். "அது நெஜமாவே தெரியல."

கறுப்புப் பெட்டியை நாத்தனார் எடுத்துக்கொண்டார். தன்னுடையது பழசாகிவிட்டது, அடிக்கிற குறி தள்ளிப் போகிறது என்றார். கடைசியில் ஒரு ரெடிமேட் வாங்க வைத்துவிட்டதில் அவருக்குத் திருப்தி. கிளம்புவதற்கு முன் தம்பி சேர்த்ததை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "வயர் எல்லாம் ஒழுங்காத்தான் கட்டியிருக்கான்," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விஷயம்.

விளையாட்டில் அவள் முதல் நாள் ஓட்டியது பார்க்கச் சகிக்கவில்லை. வெறும் ரோட்டில் நின்று நின்று போனாள். கம்ப்யூட்டருக்குள் இருந்த பயணிகள் புகார் செய்தார்கள். லிஃப்ட்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வழியில் வந்த கட்டடங்களில் லிஃப்ட் இருக்குமா என்று மட்டும் அபிப்பிராயம் சொன்னார். இரண்டாம் வாரம் ஒரு முழு வழித்தடத்தையும் ஓட்டி முடித்தாள். கால் இரண்டு தடவைதான் தப்பாகப் போயிற்று. விளையாட்டில் மட்டும் ஓட்டினால் போதாது என்று அவளுக்கே பட்டது. காலையில் வேலைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். முதலில் பின்சீட்டில், பிறகு ரோடு தெரிகிற சீட்டில்.

மேலாளரிடம் கேட்டு, டெப்போ மைதானத்தில் காலி பஸ்ஸை ஓட்டினாள். கூடவே ஹார்ன் உட்கார்ந்தார். விளையாட்டு ஸ்டியரிங்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது கனத்தது, அதிர்ந்தது, டீசல் வாடை அடித்தது. கால் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் இடம் தெரிந்து மிதித்தது. மைதானத்தை வேண்டிய மட்டும் சுற்றியபின், "போதும்க்கா, எனக்குத் தலை சுத்துது," என்றார் ஹார்ன்.

பள்ளி விடுமுறை முடிந்த வாரம் அவளுக்குத் தடம் கொடுத்தார்கள். பழையது இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற நீளமான தடம். முதல் நடை முழுக்க நிதானமாக ஓட்டினாள். பின்னாலிருந்து யாரோ, "என்ன, இன்னிக்குள்ள போய்ச் சேருமா?" என்று கேட்டார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டாள். யாரும் இறங்கவில்லை. நான்கு பேர் ஏறினார்கள்.