முப்பது வருஷம் பிந்தி வரும் குரல்

பினாங்குத் தீவில் பூலாவ் தீக்குஸில் குடியிருக்கும் ரேமண்டின் மனைவி அன்னெகிரெட்டுக்கு அவளுடைய குரல் முப்பது வருஷம் பிந்தித்தான் வந்து சேர்கிறது. 1989 மார்ச்சில் ஜெர்மனியில் அவள் மேடையேறிப் பாடியது, 2019 மார்ச்சில், அதே தேதியில், அதே மாலை ஏழரை மணிக்கு அவர்கள் வீட்டு முன்னறையில் கேட்டது. அப்போது அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடித்தான் இருந்தது. இரண்டு நாட்டுக்கும் உள்ள மணி வித்தியாசத்தைக் குரல் பொருட்படுத்தவில்லை. பியானோ வரவில்லை, கைதட்டல் வரவில்லை. பியானோவுக்கு உரிய இடங்களைக் காலியாக விட்டுவிட்டுக் குரல் மட்டும் வந்தது. முதல் வாரம் ஜனங்கள் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் யாரோ புகார் கொடுக்க, வந்த போலீஸ்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு, சத்தம் அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அது தண்ணீர் வெட்டு மாதிரி தெருவின் சமாசாரங்களில் ஒன்றாகிவிட்டது. முனையில் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டிப் போடும் சாதிக் ஏழரைக்கு ரேடியோவை அணைத்துவிடுவார். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் வேலை முடிந்து ஃபெரியில் திரும்பும் பக்கத்து வீட்டு ரூபினி, கைப்பையைக்கூட வைக்காமல் வந்து உட்காருவாள். ரேமண்ட் வாசலில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டான்.

ரேமண்ட் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம்காரன். தீவில் இருந்த ஒரு ஜெர்மன் தொழிற்சாலை அவனை 1985-இல் பயிற்சிக்கு அனுப்பியது. ஆறு மாசத்தில் வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவன் முப்பத்து நாலு வருஷம் கழித்து வந்தான். போன ஊரில் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு பெண் பாடுவதைக் கேட்டான். அத்தோடு அவன் கதை முடிந்தது. அன்னெகிரெட் அப்போது ஒரு சின்ன ஊர் ஓபராவில் பத்தோடு பதினொன்றாக நின்று பாடிக்கொண்டிருந்தாள். பிறகு கதாநாயகியானாள்; விஷம் குடித்தும், கத்தியால் குத்திக்கொண்டும், இருமி இருமியும் வாரத்துக்கு இரண்டு முறை மேடையில் செத்தாள். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதுவல்ல. பியானோவுக்குப் பக்கத்தில் கையைக்கூட அசைக்காமல் நின்று ஒரு கவிதையைப் பாடுவார்கள், லீட் என்பார்கள். அதில் அவளுக்கு நிகர் அவள்தான் என்று எழுதினார்கள். ரேமண்ட் பாதி நேர வேலைக்கு மாறி வீட்டைப் பார்த்துக்கொண்டான். "அன்னம்மா ஊர் ஊரா பாடுது, எங்கண்ணன் சட்டி கழுவுது" என்று அண்ணி பேரைத் தமிழாக்கி, அவன் தங்கை ரீத்தா புக்கிட் மெர்தாஜாமில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். அவன் சந்தோஷமாகத்தான் கழுவினான்.

பாட்டு இருக்கும் நாளில் அன்னெகிரெட் பேசமாட்டாள். அதற்கு முந்தின நாளும் பேசமாட்டாள். குரலைச் சேமிப்பது அந்தத் தொழிலில் வழக்கம்தான், இவள் கொஞ்சம் கூடுதல். வேண்டியதைச் சீட்டில் எழுதுவாள். எழுத முடியாதபோது நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை, மூன்று தட்டு முத்தம். அவர்களுடைய மகள் ஷேரன் பேசக் கற்பதற்கு முன்பே தட்டக் கற்றுக்கொண்டாள்.

1995 அக்டோபர் பதினேழாம் தேதி, ஏழு வயசு ஷேரன் மூளைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றைய கச்சேரிக்காக அன்னெகிரெட் முந்தின நாளே வேறு ஊருக்குப் போயிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரேமண்ட் அவளுடைய ஓட்டலுக்கு போன் போட்டு, நிலைமை சரியில்லை, பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசு என்று சொல்லி, ரிசீவரை ஷேரனின் காதில் வைத்தான். மூன்று தட்டு வந்தது. ஷேரன் தன் நகத்தால் ரிசீவரில் மூன்று தட்டித் திருப்பிக் கொடுத்தாள். ஒன்பது மணிக்குப் போய்விட்டாள். அடக்கம் முடிந்த அன்று ரேமண்ட் அவளை விட்டு ஊருக்குத் திரும்பப் பெட்டியைக் கட்டினான். கட்டின பெட்டியின் மேல் அன்னெகிரெட் ஒரு சீட்டு வைத்தாள். மறுநாள் அவளுக்கு இன்னொரு கச்சேரி இருந்தது. அதனால் எழுதித்தான் கொடுத்தாள். 'அன்றைக்கு எனக்குக் குரலே வரவில்லை. ஒரு பாட்டும் பாட்டாக இல்லை. பிள்ளை தொண்டையில் நின்றாள்' என்று இருந்தது. ரேமண்ட் அதைப் படித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தான். பத்திரிகைகள் என்ன எழுதின என்று அவன் தேடவில்லை. அவற்றைப் படித்தவர்கள் அவனிடம் சொல்லத் துணியவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். பர்ஸ் ஏழு மாறியது, சீட்டு மாறவில்லை. அவர்களுடைய தாம்பத்தியம் அந்தச் சீட்டின் மேல்தான் நின்றது.

2018 டிசம்பரில் ஒரு மேடையில் வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. பேச்சும் சேர்ந்து போய்விட்டது. தொண்டை இருபது வயசுப் பெண்ணுடையது மாதிரி இருக்கிறது என்று டாக்டர்கள் பாராட்டினார்கள். அத்தனை வருஷம் சேமித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்க யாருமில்லை. ரேமண்ட் அவளைப் பினாங்குக்குக் கூட்டி வந்தான், குரல் பின்னாலேயே வந்தது. அவள் பாடின ஊர்களுக்கெல்லாம் அவன் போனதில்லை, பிள்ளையோடு வீட்டில் இருந்தவன். தவறவிட்டதையெல்லாம் இப்போது நாற்காலி போட்டுக் கேட்டான். குரல் வீட்டுக்கு வரவில்லை, அவளுக்குத்தான் வருகிறது என்பதும் சீக்கிரம் தெரிந்தது. பினாங்குப் பாலத்தின் நடுவில் காருக்குள் வந்தது. ஒருமுறை பல் டாக்டரிடம் வாய் நிறையப் பஞ்சோடு அவள் மல்லாந்து கிடக்கையில் ஒரு ஓபராவின் முதல் பாதி முழுக்க வந்தது. டாக்டர் பல்லைப் பிடுங்க மறந்துவிட்டார். ஓடி ஒளிய வழியில்லை. 2025 அக்டோபர் பதினேழு வெள்ளிக்கிழமை விழுகிறது என்று ரேமண்ட் ரொம்ப நாளுக்கு முன்பே பார்த்து வைத்திருந்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை அன்னெகிரெட் ஒரு சீட்டு நீட்டினாள். வெள்ளிக்கிழமை நீ ரீத்தா வீட்டுக்குப் போய்விடு, நான் தனியாக இருந்துகொள்கிறேன். புதன்கிழமை அதையே மறுபடி எழுதினாள். வியாழக்கிழமை அவனுடைய மாற்றுச் சட்டையைப் பையில் மடித்து வைத்தாள். உடைந்த குரலை அவன் கேட்கக்கூடாது என்று வெட்கப்படுகிறாள் என ரேமண்ட் நினைத்தான். அவள் மேல் அவனுக்கு அவ்வளவு பாசம் வந்தது. சட்டையை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தான். வெள்ளிக்கிழமை நாற்காலிகளைப் போடவில்லை. ரூபினியை இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஷேரன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் குரல் உடைந்து வரட்டும், முப்பது வருஷமாகத் தனித்தனியே அழுததை இன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அழுதுவிடலாம் என்பதுதான் அவன் ஆசை. வேறு ஆசை அவனுக்கு மிச்சமில்லை.

ஏழரைக்குக் குரல் வந்தது. முதல் பாட்டில் பிசிறில்லை. சமாளிக்கிறாள், அடுத்ததில் உடையும் என்று ரேமண்ட் நினைத்தான். அடுத்ததிலும் உடையவில்லை. ஏழாவது பாட்டில் அவன் கை தானாக அவள் கையை விட்டது. ஒன்பது மணிக்கு, ஷேரன் மூச்சு நின்ற அந்த நிமிஷத்தில், குரல் உச்சியில் ஒரு மெல்லிய ஸ்வரத்தைத் தொட்டு, இம்மியும் ஆடாமல், பிடித்த பிடியை விடாமல் நின்றது. அவன் ஆயுசில் அவ்வளவு அழகான ஒன்றைக் கேட்டதில்லை. அழகுக்காகவே அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்காகத் தன்னையே வெறுத்தான். அதோடும் முடியவில்லை. நிகழ்ச்சிக்கு அப்புறம் கூட்டம் விடாமல் கைதட்டினால் கூடுதலாகப் பாடுவார்கள். மூன்று பாட்டு கூடுதலாக வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ரூபினி நின்றிருந்தாள்.

"வரவேணாம்னு சொன்னீங்க அங்கிள், ஆனா பாட்டு எங்க வீட்டுக்கே வந்திருச்சு லா. இத்தனை வருஷத்துல ஆன்ட்டி இன்னைக்குப் பாடுனதுதான் பெஸ்ட்."

ரேமண்ட் தேங்க்ஸ் சொல்லிவிட்டு உள்ளே வந்தான். பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் பிரித்து வைத்தான். அன்னெகிரெட் பென்சிலுக்குக் கை நீட்டினாள். அவன் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஜெர்மனில்தான் பேசுவான். அன்றைக்குத் தமிழில் கேட்டான்.

"பொய்யின்னு தெரிஞ்சேதான் எழுதுனியா?"

அவளுக்குப் புரிந்தது. மேசையில் ஒரு முறை தட்டினாள்.

அடுத்த புதன்கிழமை குரல் வழக்கம்போல ஏழரைக்கு வந்தது, ரேமண்ட் ஆறு நாற்காலியும் போட்டான். அவன் வீட்டுக்குள் பேசுவதில்லை. அவள் சீட்டு எழுதிக் கேட்டால் ஒன்றோ இரண்டோ தட்டுவான். மனைவியிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், அவரும் குரலைச் சேமிக்கிறார் என்று சாதிக் கடையில் பேசிக்கொள்கிறார்கள். இன்னும் இருபத்து மூன்று வருஷப் பாட்டு வர வேண்டியிருக்கிறது. ரேமண்டுக்கு இப்போது அறுபத்தெட்டு. தினமும் ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால் அன்னெகிரெட் மேசையில் நகத்தால் மூன்று முறை தட்டுகிறாள். ரேமண்ட் இதுவரை திருப்பித் தட்டவில்லை.