இடைவேளையில் கிளம்பியவர்

வேன்காரனோடு அவள் மூன்றாம் முறையாகப் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தெருவே எழுந்து தேசிய கீதத்துக்கு நின்றது. அப்பா மட்டும் கூடத்தில் படுத்திருந்தார். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, அந்தப் பாட்டுக்கு அவர் எழாதது இதுதான் முதல் தடவை.

"மைதானத்து ரோடெல்லாம் அடைச்சுட்டாங்க மேடம். ஃபைனல் முடியட்டும், ஓடி வந்துடறேன்."

"அதுக்குள்ள இடுகாட்டு கேட்டை மூடிடுவான். ஜெயிச்சா நாளைக்கு ஊருக்கே லீவு. தோத்தா எவனும் வெளியவே வரமாட்டான். அவரை நான் எங்கய்யா வச்சுக்கறது?"

அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. ஆட்டம் ஆரம்பித்திருக்க வேண்டும், போன் துண்டானது.

"தோள்ல தூக்கிட்டுப் போயிடலாம்மா" என்றாள்.

தலைமாட்டில் இருந்த அம்மா நிமிரவில்லை. "இவருக்கு யாருடி வருவா? அன்னைக்கு அந்தக் கொடியைக் கீழயே வச்சிருக்கலாம்."

அப்பா கால்பந்தில் கோட்டோரம் கொடி பிடிக்கும் லைன்ஸ்மேன். பல வருஷத்துக்கு முன் இதே கோப்பை, இதே பக்கத்து நாடு. கொடி பிடிக்க வேண்டிய மூன்றாம் நாட்டுக்காரருக்கு வயிறு சரியில்லாமல் போக, உள்ளூர்க்காரரான அப்பாவைப் பிடித்து நிறுத்தினார்கள். கடைசி நிமிஷத்தில் சொந்த நாடு கோல் போட்டது. அப்பா கொடியைத் தூக்கினார். ஆஃப்சைடு, கோல் செல்லாது. கோப்பை எல்லை தாண்டிப் போனது. அதன்பின் சலூனில் அவருக்கு மட்டும் நாற்காலி காலியானதே இல்லை. அந்தக் கோலைப் போட்டவர் இப்போது தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கோலாகாத கோலுக்காகவே தெரு அவரைக் கோலண்ணன் என்றது. அப்பாவோடு அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் அவள் நேரே சைக்கிள் கடைக்குத்தான் போனாள். பாதித் தெரு அங்கே டிவி முன்னால் இருந்தது.

"அண்ணே, இடைவேளை பதினஞ்சு நிமிஷம். இடுகாடு ரெண்டு தெரு தள்ளி. எனக்கு மூணு தோள் போதும்."

"நாலு வேணும்மா" என்றார் சலூன்காரர், திரும்பாமலே.

"நாலாவது நான்."

"பொம்பளைப் புள்ள தூக்கறதா?"

"எங்கப்பா கொடியைத் தூக்கறப்ப யாரைக் கேட்டுட்டுத் தூக்கினாரு?"

பால்காரர் சிரித்துவிட்டு, சாவு வீடு ஞாபகம் வந்து அதை இருமலாக மாற்றினார். கோலண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது ஆஃப்சைடு இல்லம்மா."

"அவரு ஆமான்னுதான் சொன்னாரு. நேத்து வரைக்கும்."

"நேத்துமா?"

"ஆஸ்பத்திரியில நர்சம்மாவுக்கு மருந்தெல்லாம் ஆட்டக்காரங்க மாதிரி அடுக்கி வச்சு விளக்கினாரு."

கோலண்ணன் மெல்லத் திரும்பினார். "அதுல நான் எது?"

"இருமல் மருந்து பாட்டில்."

திரையில் இடைவேளை விசில் ஊதியது. கோலண்ணன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் சலூன்காரருக்கும் பால்காரருக்கும் உட்கார்ந்திருக்க வழியில்லாமல் போயிற்று.

சவப்பெட்டியின் முன்பக்கம் அவளும் கோலண்ணனும். அவள் உயரத்துக்கு ஒரு மூலை தாழ்ந்தது. கோலண்ணன் முழங்காலை மடக்கி நடந்தார். ஆடிய காலத்தில் அடிபட்ட முழங்கால் அது. அம்மா பின்னால் வந்தாள். முதல் தெரு முடிவதற்குள் ஜன்னல் ஜன்னலாக வர்ணனை மறுபடி ஆரம்பித்தது. பால்காரரின் நடை தயங்கியது.

"நடங்கண்ணே" என்றாள் அவள். தோள் எலும்பு தீயாய் எரிந்தது.

"அன்னைக்கும் இவராலதான் நமக்கு மேட்ச் போச்சு" என்று முனகினார் சலூன்காரர். ஆனால் தோளை இறக்கவில்லை.

பூட்டும் கையுமாக நின்ற காவலாளி இவர்களைப் பார்த்து வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டு கேட்டைத் திறந்தான்.

மண் தள்ளி முடிந்ததும் மற்ற இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அம்மா வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டாள். கோலண்ணன் போகவில்லை. மேட்டின் ஓரத்தில் சரிந்த மண்ணைக் காலால் ஒதுக்கிச் சரிசெய்துவிட்டு, குழாயடிக்கு வந்தார். கையை எடுத்தால் நின்றுவிடும் குழாய். அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் கை கழுவினாள். பிறகு அவள் அழுத்த, அவர் குனிந்தார்.

ஊர்ப்பக்கமிருந்து பெரும் கூச்சல் எழுந்தது. அது மகிழ்ச்சியா அலறலா என்று இங்கிருந்து பிரித்தறிய முடியவில்லை. அவர் நக இடுக்கில் இன்னும் கொஞ்சம் மண் இருந்தது. அவள் குழாயை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.