கையால் சேர்த்த கட்டம்

நாலு மணிக்குப் பஸ். இரண்டு முறை ரத்தாகி, மூன்றாவது முறையாக எடுத்த டிக்கெட். "இந்தத் தடவையும் நீ வரலைன்னா நானும் பாப்பாவும் மட்டும் போயிட்டு வர்றோம்" என்று கணவன் காலையிலேயே சொல்லிவிட்டான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, பல் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

அவள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள். மூன்று மருத்துவமனை, மூன்று வகை டேட்டாபேஸ். நோயாளிப் பட்டியலில் ஒரு கட்டம் கூட்ட வேண்டுமென்றாலும் ஒவ்வொன்றிடமும் அதனதன் பாஷையில் கெஞ்ச வேண்டும். அந்தத் தொல்லை ஒழியத்தான் ஆறு மாதம் மல்லுக்கட்டி ஒரு கருவி எழுதினாள். மாற்றத்தை ஒரு தடவை சொன்னால் போதும், மூன்றுக்கும் புரிகிற மாதிரி அதுவே சொல்லி முடித்துவிடும். இன்று அதற்கு முதல் வேலை: 'ஒவ்வாமை' என்று ஒரு புதுக் கட்டம். மூன்றும் பச்சை காட்டினால்தான் லீவு என்று மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார்.

இரண்டரைக்குப் பொத்தானை அழுத்தினாள். முதலாவது பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது சிவப்பு. 'இந்தக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது.'

"யாரு வெச்சது இதை?"

எதிர் மேஜையிலிருந்து சித்தப்பா தலையை நீட்டினார். மூன்றாவது டேட்டாபேஸைப் பதினைந்து வருடமாகக் கட்டி மேய்ப்பவர்; ஆபீஸ் முழுக்க அவருக்குச் 'சித்தப்பா' என்றுதான் பெயர்.

"நான்தாம்மா. ஊருக்குப் போற பொண்ணு, ஒரு வேலையாவது குறையட்டும்னு நேத்தே கையால சேர்த்துட்டேன்."

"கையால தொடக் கூடாதுன்னுதானே சித்தப்பா இந்தக் கருவியே!"

"ஒரே ஒரு கட்டம்தானேம்மா?"

அந்த ஒரே ஒரு கட்டத்தில் இருபது எழுத்துதான் அடங்கும். வேண்டியது இருநூறு. பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்றாவது இடத்துக்கு மட்டும் தனியாக எழுதினாள்: புதிதாகச் சேர்க்காதே, இருப்பதை அகலமாக்கு. அதைச் சரிபார்ப்பதற்குள் மணி மூன்று பத்து. அழுத்தினாள்.

சிவப்பு. 'அப்படி ஒரு கட்டமே இல்லை.'

அவள் மெல்லத் திரும்பினாள். "சித்தப்பா..."

"நீ முகம் சுளிச்சியா, மனசு கேக்கல. எடுத்துட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று யோசிக்க நேரமில்லை. விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குள் போனாள். "மூணாவது டேட்டாபேஸ்ல கட்டம் சேர்க்கவோ எடுக்கவோ உரிமை இனிமே கருவிக்கு மட்டும்தான். மனுஷங்க யாருக்கும் வேண்டாம். எனக்கும் சேர்த்துத்தான்."

மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தார். கேள்வியே கேட்காமல் அனுமதி கொடுத்தார்.

தனியாக எழுதியதை அழித்து, பழைய மாற்றத்தையே திரும்ப வைத்தாள். மடிக்கணினியைச் சித்தப்பாவின் மேஜைக்குத் தூக்கிப் போனாள்.

"உதவி பண்ணணும்னு ஆசைப்பட்டீங்கல்ல? இந்தப் பொத்தானை அழுத்துங்க."

ஒற்றை விரலால் பயந்து பயந்து அழுத்தினார். ஏற்கெனவே முடிந்த இரண்டும் பச்சை, பச்சை... கொஞ்சம் யோசித்து, மூன்றாவதும் பச்சை.

மணி மூன்று முப்பத்தைந்து. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பஸ் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு கணவன் டிரைவரிடம் ஏதோ சமாதானம் பேசிக்கொண்டிருந்தான். அவள் மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"ஏம்மா, இங்க என்னால எதையுமே தொட முடியலையே?"

"ரொம்ப சந்தோஷம் சித்தப்பா" என்று சொல்லி, போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.