பீடத்தைப் பார்த்த கட்டில்

மத்தியகால ஐரோப்பிய மருத்துவமனைகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த தமிழர் கனடாவின் ஸ்காபரோவில் கிடையாது. வேறு யாரும் போட்டிக்கு வராததால் அந்தப் பட்டம் எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. மற்றபடி நான் கார் உதிரிப்பாகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன்.

பிரான்சில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போனபோது பிடித்த பைத்தியம் இது. எல்லோரும் கடைகளுக்குப் போக, நான் வழிதவறி எழுநூறு வருடப் பழைய மருத்துவமனை ஒன்றுக்குள் நுழைந்துவிட்டேன். நீண்ட ஒரே மண்டபம், கவிழ்த்த தோணி போல மரக்கூரை. இரண்டு சுவரோரமும் கட்டில்கள் கிடந்த இடம். கிழக்குக் கோடியில் தேவாலயம், நடுவில் சுவரே இல்லை. நோயாளி படுத்தபடியே பீடத்தைப் பார்த்துப் பூசை காணலாம். அங்கே பாதிரியார் முந்தி, வைத்தியர் பிந்தி. சன்னல்களோ எட்டாத உயரத்தில். வெளிச்சம் வரும், வெளியே ஒன்றும் தெரியாது. அதன்பிறகு இதைச் சொல்லி நான் கெடுக்காத பிறந்தநாள் விழா இல்லை.

இந்த மாசியில் என் மனைவி சந்திரவதனா பனியில் சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவளின் கட்டிலைச் சாமித்தட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். சன்னல் அவள் முதுகுப் பக்கம் போய்விட்டது.

"எனக்கு உடைஞ்சது கால். ஆத்துமா நல்லாத்தான் இருக்கு. கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிவிடுங்கோ."

"அந்தக் காலத்து ஆக்கள் என்ன விசரரே? நோயாளிக்கு மனம் அலையக்கூடாதெண்டுதான் சன்னலை உயரத்தில வைச்சவை, வதனா."

அந்தச் சன்னலால் பார்த்தால் பக்கத்துப் பிளாசாவின் கோப்பிக்கடை தெரியும் என்பதை ஆராய்ச்சியில் நான் சேர்க்கவில்லை. வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போனால் சமைக்க வேண்டும், அவளைக் கழுவித் துடைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நான் சமைத்ததை நானே தின்ன வேண்டும். அதனால் பஸ்ஸால் இறங்கி, நண்பன் அகஸ்ரினோடு அங்கே நன்றாக இருந்துவிட்டுத்தான் போவேன். "பஸ் பிந்திப்போச்சு" என்று வீட்டில் சொல்வேன்.

வதனா நடக்கத்தான் மறுத்தாள். பிடித்து நடக்கக் கொடுத்த வோக்கரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலிலிருந்து குளியலறை வரை மட்டும்தான், அதுவும் அழுதழுது. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் தனுஷிகா என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படியே கிடந்தால் நடை திரும்பாது என்றாள். குளியலறைக்குள் நின்று நானும் அழுதேன். வெளியே வந்து, பீடத்தைப் பார்த்துக் குணமானவர்களைப் பற்றி வதனாவுக்கு இன்னொரு பிரசங்கம் செய்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பனி கரைந்த ஒரு வியாழக்கிழமை, கோப்பிக்கடையில் அகஸ்ரினுக்கு மரக்கூரையை விளக்கிக்கொண்டிருந்தேன். தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரனான அவனே கொட்டாவி விட்டான். கதவு திறந்தது. முதலில் வோக்கர் வந்தது. பிறகு, இரவுச்சட்டைக்கு மேல் என் ஜக்கெற்றைப் போட்டிருந்த வதனா. அவளுக்குப் பின்னால் தனுஷிகா, வெறும் சக்கரநாற்காலியைத் தள்ளிக்கொண்டு.

"பஸ் இன்னும் வரேல்லையோ?" என்றாள் வதனா.

"அங்கிள், பயிற்சிக்கு இடம் காணாதெண்டு கட்டிலைத் திருப்பினனான்," என்றாள் தனுஷிகா. "அன்ரி வெளிய பாத்தா. பிறகு வோக்கரைத் தா எண்டு தானாவே கேட்டா!"

வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. கார்த்தரிப்பிடம் முழுவதையும் அவள் நடந்து கடந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

வதனா மெல்ல உட்கார்ந்து, என் கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"கட்டில் உப்பிடியே இருக்கட்டும்."

"ஓம், ஓம். நாளையிலிருந்து நான் நேர வீட்டை வாறன்."

"வேண்டாம்," என்றாள். "இதிலயே வந்து இருங்கோ. நீங்கள் வீட்டை வந்தால், நான் ஆரைப் பிடிக்க நடக்கிறது?"