பூஜைக்குத் துடைத்த ரைஃபிள்

1
ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் துப்பில்லாமல் எழுத ஆரம்பித்த கதை இது. மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் தாமதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆக்சிலியா தர்மபுரியில் ஒரு கிளப்பில் ரைஃபிள் சுடுகிறவள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "சார், நான் சொல்லணுங்களா, வேணாங்களா?"

எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லி ரயிலேறிவிட்டேன். கோழை.

2
முதல் தொடக்கம்: "குண்டு சுழன்றபடி காலத்தைத் துளைத்துக்கொண்டு..."

வேண்டாம். எனக்கே சிரிப்பு வருகிறது.

இரண்டாவது தொடக்கம், கட்டுரை மாதிரி: ரைஃபிள் குழாயின் உட்சுவரில் திருகு வரிகள் இருக்கும். குண்டைச் சுழற்றி நேராக அனுப்புவது அவைதான். அந்த வரிகளைச் சிறு உளியால் மெல்ல மெல்லச் சீவி எடுக்கலாம். அல்லது கடினமான ஒரு குமிழைக் குழாய்க்குள் இழுத்து, அழுத்திப் பதிக்கலாம். எது துல்லியம்? (இணையத்தில் இரண்டு நாள் இந்தச் சண்டையைப் படித்தேன். எலெக்‌ஷன் நேரத்து டீக்கடை எவ்வளவோ தேவலாம்.)

3
கிளப்பில் இரண்டு ரைஃபிள்கள். ஒன்று சீவியது, ஒன்று அழுத்தியது. அடுத்த சுற்றுக்கு ஒருவர்தான் போகமுடியும். மோதுகிறவர்கள் ஆக்சிலியாவும் பானுமதியும். பானுமதிக்கு நாற்பத்தொரு வயது. இந்த வருடத்தோடு விட்டுவிடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

யாருக்கு எது என்று தீர்மானிக்க, விஜயதசமியன்று இரண்டையும் தாங்கியில் வைத்துப் பத்துப் பத்துக் குண்டு சுட்டார்கள். சீவியதன் பத்து ஓட்டைகளும் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அழுத்தியது கண்டபடி சிதறியது.

"சீவுனத நீங்க எடுத்துக்குங்கக்கா. எனக்கு அடுத்த வருசம் இருக்குது" என்றாள் ஆக்சிலியா. பானுமதி அழுதுவிட்டார்.

4
நாலு நாள் கழித்து, தனியாகப் பயிற்சி. இருபது குண்டு தாண்டியதும் அழுத்திய ரைஃபிளின் அடுத்த பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போய் உட்கார்ந்தன. மறுநாளும் அப்படியே.

அப்போதுதான் ஆக்சிலியாவுக்கு ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்காக அந்த ரைஃபிளின் உள்ளே அழுக்கெடுக்கும் மருந்து விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தது அவளேதான். மற்றது ரிப்பேருக்குப் போய், பூஜை தொடங்கும்போதுதான் வந்து சேர்ந்தது. வெளியே சந்தனம் குங்குமம் வைத்ததோடு சரி.

"தேச்சுக் கழுவுன தோசக்கல்லுல மொதத் தோச பிஞ்சுதானுங்களே வரும்? குண்டு மேல இருக்கற மெழுகு உள்ள படியணும். தெரியுங்க சார். பொரி தின்ன சந்தோசத்துல மறந்துட்டேன்."

(ஆக, அன்று யாரும் வரிகளை ஒப்பிடவில்லை. சுத்தத்தையும் அழுக்கையும் ஒப்பிட்டிருக்கிறார்கள்.)

விட்டுக்கொடுத்தவள் கையில் நல்ல ரைஃபிள். பானுமதிக்கு அது தெரியாது.

5
முடிவு அ: சொல்லவில்லை. ஜெயிக்கிறாள். பானுமதி ஓடிவந்து கட்டிப்பிடித்து...

இதற்குமேல் கை ஓடவில்லை. எனக்கு ஆக்சிலியாவைப் பிடிக்கும்.

முடிவு ஆ: சொல்கிறாள். பானுமதி ரைஃபிளை மாற்றிக்கொண்டு ஜெயிக்கிறார். ஆக்சிலியா மனம் நிறைந்து கைதட்டி...

அடித்துவிட்டேன். யாருக்கு நிறையும்?

6
அப்புறம்தான் உறைத்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆனாலும் பானுமதி படித்தால் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அச்சானால் சொன்னவன் நானாகிவிடுவேன். அவள் இன்னும் எடுக்காத முடிவை நான் எடுத்ததாக ஆகும். எழுதியவரைக்கும் ஆக்சிலியாவுக்கு அனுப்பி, நீ சரியென்றால்தான் வெளியே போகும் என்றேன்.

மூன்று நாள் கழித்து, போட்டிக்கு முந்தின மத்தியானம் ஒரு வாய்ஸ் மெசேஜ்:

"சார், பானுக்கா வூட்டு வாசல்ல நிக்கறேன். இருங்க, கதவத் தொறக்கறாங்க. நீங்க கதயப் போட்டுக்குங்க."

உள்ளே என்ன பேசினார்கள், மறுநாள் யார் கையில் எந்த ரைஃபிள் இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அவள் அந்த வாசல்வரை போனதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மிச்சம் உங்களுடையது. உங்களுக்கு நாற்பத்தொரு வயது, இதுதான் கடைசி வருடம். கதவைத் திறக்கிறீர்கள். என்ன சொல்வீர்கள் அவளிடம்?