பின்வாசல் சீட்டு

கேரல் லிஃப்டுக்குள் போய்ச் சுவரில் கை விரித்து அளந்தாள். உள்ளுக்கு ஆறு ஜாண், குறுக்கே ஏழு. ஆறாவது மாடி வராந்தாவில் ஆம்புலன்ஸ்காரர் பிடித்துக்கொண்டு நின்ற ஸ்ட்ரெச்சர் எட்டரை ஜாண். மூலைவாட்டத்தில் போட்டாலும் அகலம் இடிக்கும். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறவள் என்பதால் கணக்கு உடனே வந்துவிட்டது. ஒத்துக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது.

"சர்வீஸ் லிஃப்ட் பெருசு மேடம்," என்றாள் டியூட்டி மேனேஜர் நிருபமா, மூன்றாவது முறையாக. "நேரா பின்கேட்டுக்குப் போயிடலாம். லாபியில வேற கான்ஃபரன்ஸ் கூட்டம்."

"எங்க டாடி இங்க கெஸ்ட். முன்வாசல் வழியாதான் வந்தார். அப்படியேதான் போவார்."

ஹெர்பர்ட் இந்த ஹோட்டலின் லாண்டரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். அத்தனை வருஷமும் போக வரப் பின்கேட்தான். பெற்றோரின் நாற்பதாவது கல்யாண நாளுக்காகக் கேரல் இங்கே ஒருநாள் ரூம் எடுத்தாள். நேற்று மாலை விவேக் நகரிலிருந்து வந்த கேப் சிக்னலைத் தாண்டியதும், ஹெர்பர்ட் டிரைவருக்குப் பின்கேட்டுக்குப் போகும் இடதுபக்கச் சந்தைக் காட்டினார். "டாடி, முன்னாடி" என்று கேரல்தான் அந்தக் கையை இறக்கினாள். வாசலில் தலைப்பாகைக்காரர் சல்யூட் அடித்தபோது இவரும் பதிலுக்கு அடித்தார்.

காலை டிபனுக்குக் கேரல் மறுபடி வந்தாள். அம்மா பிரிஜெட் தயாராக இருந்தாள். ஹெர்பர்ட் தலையணை உறையை உதறிக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க. பெட்டைச் சரி பண்ணிட்டு வரேன்."

"அதுக்கு ஆள் இருக்காங்க டாடி."

"இருக்காங்க. அவங்களுக்கு ஏன் வேலை வெக்கணும்?"

அவருக்கென்று பிரிஜெட் எடுத்து வைத்த இட்லி ஆறியது. நாற்பது நிமிஷம் பார்த்துவிட்டு மேலே போனார்கள். படுக்கையில் ஒரு சுருக்கம் இல்லை. பக்கத்து நாற்காலியில் ஷூவும் காலுமாக உட்கார்ந்திருந்தார், மூச்சில்லை. அவரைத் தூக்கிக் கிடத்தியபோதுதான் விரிப்பு கலைந்தது.

ஹோட்டல் டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தவர் பழைய மாரடைப்புக் காகிதங்களைப் பார்த்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டார். மீதி இருந்தது இந்த லிஃப்ட்தான்.

ஆம்புலன்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். "வீல்சேர்ல உக்கார வெச்சா இதுலயே போயிடலாம்க்கா. போர்வையைச் சுத்திட்டா யாருக்கும் தெரியாது."

நிருபமா கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா... சரி மேடம்."

கேரல் திரும்பிப் பார்த்தாள். பிரிஜெட் ரூம் வாசலில் நின்றாள். தோளில் ஹெர்பர்ட்டின் பை.

"தலை நிக்காது கேரல்."

"நான் புடிச்சுக்கறேன் மம்மி."

"லாபி நெடுக புடிச்சுட்டுப் போவியா? யாராச்சும் கேட்டா தூங்கறார்னு சொல்லுவியா?"

கேரல் லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள்.

"முதுகை நீட்டிப் படுத்துட்டே போகட்டும்," என்றாள் பிரிஜெட். "எந்த வழியா இருந்தா என்ன."

லிஃப்ட் யாரும் ஏறாமலே கதவை மூடிக்கொண்டு கீழே போயிற்று.

சர்வீஸ் லிஃப்டின் தகரச் சுவரெங்கும் துணிவண்டிகள் இடித்த பள்ளங்கள். கீழே கதவு திறந்ததும் ப்ளீச்சும் சூடான துணியும் கலந்த வாசனை அடித்தது. சின்ன வயதில் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குள் வரும் வாசனை. அது டாடியின் உடம்பு வாசனை என்றே கேரல் ரொம்ப நாள் நினைத்திருந்தாள். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவர்களுக்கு அவரைத் தெரியாது.

பின்கேட்டில் ஒரு மேஜை, நோட்டு, ரப்பர் ஸ்டாம்பு. காவலர் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இவங்க கெஸ்ட். விடுங்க," என்றாள் நிருபமா.

அதற்குள் பிரிஜெட் பையை மேஜைமேல் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். ஒரு சட்டை, ரத்தக்கொதிப்பு மாத்திரை, சீப்பு. அடியில் செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம். காவலர் தயங்கித் தயங்கிப் பிரித்தார். ரூமில் வைத்திருந்த சோப்பு இரண்டு, ஷாம்பு ஒன்று.

இந்தக் கேட்டைத் தாண்டி வேலையாள் எதைக் கொண்டுபோனாலும் மேலதிகாரி கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். கையெழுத்துக் கேட்கக் கூச்சப்பட்டே ஹெர்பர்ட் முப்பத்தொரு வருஷமும் வெறுங்கையோடு வீடு வந்தவர்.

பொட்டலத்துக்குள் ஒரு தாளும் இருந்தது. ரூமில் இருந்த ஹோட்டல் நோட்டுத்தாள். அவருடைய சாய்ந்த எழுத்து.

சோப்பு 2. ஷாம்பு 1. ரூம் 612. ஹெர்பர்ட், கெஸ்ட்.

அதன் கீழே ஸ்கேல் வைத்ததுபோல் ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் 'அனுமதித்தவர்' என்று எழுதியிருந்தது. கோட்டின்மேல் ஒன்றும் இல்லை.

கேரல் அதை இரண்டு முறை படித்தாள்.

"இதுக்கெல்லாம் சீட்டு வேணாம்மா," என்றாள் நிருபமா. குரல் இறங்கியிருந்தது. "கெஸ்டுக்குக் குடுக்கறதுதான் இது."

"நேத்து நானும் அதான் சொன்னேன். கேக்கல." பிரிஜெட் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். "போட்டுடும்மா. கையெழுத்து இல்லாம எதையும் எடுத்துட்டு வரமாட்டார்."

நிருபமா கோட் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தாள். கோட்டைத் தாண்டாமல் முழுப்பெயரையும் எழுதினாள். காவலர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்து, ஸ்டாம்பை அழுத்தினார்.

வெளியே சந்தில் ஆம்புலன்ஸ்காரர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிரிஜெட் தாளை இரண்டு கையிலும் ஏந்தி, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தாள்.